மூடி இறங்குது

"ஏன் டீச்சர், நான் எடுத்ததுல ஒண்ணுகூடவா உங்களுக்குப் பிடிக்கல?"

கேட்டுக்கொண்டே சவரிமுத்து கேமராவை நீட்டினார்.

ஜுனைதா அவருடைய கேமராவின் திரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அழிச்சிடுங்க அண்ணே."

அழித்தார்.

ஒரு வருஷமாக இதே கதைதான். அவள் அழிக்கச் சொல்வாள், அவர் அழிப்பார். இன்றைக்கு வரைக்கும் ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சவரிமுத்துவுக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. வத்தலக்குண்டில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அங்கே பாதி ஊருக்குக் கல்யாணப் படம் எடுத்தது அவர்தான். ஒருநாள் ஜுனைதா எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். மழையில் நனைந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, வேறொன்றுமில்லை. ஸ்டுடியோவை மூடிவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் போய், கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மச்சான் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. "என் டைல்ஸ் கடைக்கு வாங்க மாமா, கல்லாவுல உக்காருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

இன்றைக்கு ஒரு படமாவது டீச்சர் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கேமராவை விற்றுவிட்டு நாளையிலிருந்து டைல்ஸ் கடை. மச்சானுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. டீச்சரிடமும் காலையிலேயே சொல்லியாயிற்று. அவள் "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

அவர்கள் நின்றது கொடைக்கானலுக்கும் மேலே, ஒரு பழைய கொட்டகையில். ஒரு காலத்தில் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்த இடம். நடுவில் கம்பளி அமுக்கும் மெஷின். ஆளை முழுங்குகிற உயரத்தில் ஒரு மரப்பெட்டி. ரோமத்தை அதில் கொட்டி, ஒருத்தன் உள்ளே இறங்கி மிதிப்பான். அவன் ஏறி வந்ததும் வெளியே இருக்கிற சக்கரத்தைச் சுற்றுவார்கள். திருகில் தொங்கும் கனத்த மூடி இறங்கி, மலைபோலக் கிடந்ததை மூட்டையாக்கிவிடும்.

மத்தியானம் லாரி வரும். மெஷின் பழைய இரும்புக்குப் போகிறது.

சவரிமுத்து விடிந்ததும் வந்து அதைத் துடைத்துவைத்திருந்தார். துரு, ஒட்டடை, இடுக்கில் சிக்கிய ரோமம், எல்லாம் போச்சு. திருகும் சக்கரமும் பளபளக்கட்டும் என்று தையல் மெஷின் எண்ணெய் வேறு. அது அவர் பழக்கம். மணப்பெண்ணின் மூக்கு வேர்வையைத் துடைக்காமல் அவர் ஒரு படமும் எடுத்ததில்லை.

"என்னண்ணே, மெஷினுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தமா?" என்றுதான் வரும்போதே கேட்டாள்.

இப்போது அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"எது நல்லா இருக்கும்னாவது சொல்லுங்க டீச்சர்."

"நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?"

அவள் பெட்டியைக் காட்டினாள்.

"உள்ள இறங்குங்க."

"இதுக்குள்ளயா?"

"கேமராவோட. ஸ்டாண்டோட."

இறங்கினார். வேறென்ன செய்வார்? உள்ளே அரை இருட்டு. ஆட்டுக் கொழுப்பு வாடை இன்னும் போகவில்லை.

க்ரீச்.

அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக இறுகிக் கிடந்த திருகு, அவர் விட்ட எண்ணெயில் சமர்த்தாகச் சுற்றியது.

"டீச்சர், மூடி இறங்குது!"

"ஆமா. படம் எடுங்க."

எடுத்தார்.

"எப்படி வந்திருக்கு?"

"ஆடிடுச்சு டீச்சர்."

"அழிச்சிடுங்க."

அழித்தார். மூடி இன்னும் ஒரு சாண் இறங்கியது. குனிந்தார்.

"குனிஞ்சா கொஞ்சம் இடம் கிடைக்கும்" என்றாள் வெளியிலிருந்து. "உக்காந்தா இன்னும் கொஞ்சம். அப்புறம் படுத்துக்கலாம்."

உட்கார்ந்தார். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

மூடி கேமராவின் தலையில் வந்து இடித்தது.

அப்போதுதான் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"நிறுத்து!"

ஒரு வருஷமாக டீச்சர், டீச்சர் என்று குழைந்த அதே வாய்.

சக்கரம் நிற்கவில்லை.

கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினார். ஸ்டாண்டின் மூன்று காலையும் ஒன்றாகச் சேர்த்து, மூடிக்கு அடியில் நெட்டுக்குத்தலாக முட்டுக் கொடுத்தார்.

டொக்.

ஒரு கால் நெளிந்தது. மூடி நின்றுவிட்டது.

மூட்டையை வெளியே எடுக்க அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு கதவு உண்டு. அதை ஓங்கி உதைத்தார். படாரென்று திறந்துகொண்டது. தாழ்ப்பாளே போட்டிருக்கவில்லை.

வெளியே வந்தவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெட்டியைப் பார்த்தார். உதை வாங்கிய கதவு. உள்ளே, அத்தனை கனத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு, கோணிப்போய் நிற்கும் ஸ்டாண்டு.

துடைக்கவில்லை. வெளிச்சம் பார்க்கவில்லை. மூச்சு வாங்க வாங்க ஒன்றே ஒன்று எடுத்தார்.

வெளியே லாரி ஹார்ன் அடித்தது.

ஜுனைதா வந்து திரையை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சாய்ஞ்சிருக்கு. ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. அழிச்சிடுங்க அண்ணே."

"மாட்டேன்."

"நான் சொல்றேன்ல?"

"யாரு சொன்னாலும் மாட்டேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க மச்சானுக்கு ஒரு போன் போட்டுடுங்க. கல்லாவுக்கு வேற ஆள் பாக்கட்டும்."