ஒச்சம்மாவின் சுண்டுவிரல்

ஜமீன்தாருக்கு மூக்கு நுனியில் ஒரு மரு முளைத்தது. மூன்று வைத்தியர்கள் ஓடி வந்தார்கள். மருந்தைத் தன் மூக்கில் போட்டுப் பார்க்க அவருக்குப் பயம். “முதலில் ஒச்சம்மா கையில் போடுங்கள்” என்றார்.

அரண்மனைப் பசுக்களைக் கறப்பவள் ஒச்சம்மா. அவள் விரல்களிலும் மூன்று மருக்கள் இருந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்? ஒரு வைத்தியர் ஒரு மருவைத் தோலைப் பொசுக்கும் காரம் வைத்துச் சுட்டார். ஒருவர் அடுத்ததைக் குதிரைமுடியால் இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் மூன்றாவதில் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தினமும் தடவினார். இரண்டு மாதத்தில் மூன்று மருவும் உதிர்ந்தன. சுட்ட விரலும் கட்டிய விரலும் புண்ணாகிக் கிடந்தன.

“எது நல்ல மருந்து? தப்பாகச் சொன்னால் உனக்கு இங்கே வேலை கிடையாது” என்றார் ஜமீன்தார்.

ஒச்சம்மா சுண்டுவிரலை நீட்டினாள். “இதுலயும் ஒரு மரு இருந்துச்சு சாமி. அது யார் மருந்துல போச்சுன்னு இவங்களே சொல்லட்டும்.”

“என் காரம் அங்கேயும் பாய்ந்தது” என்றார் ஒருவர். “என் கட்டுதான்” என்றார் அடுத்தவர். “பச்சரிசிப் பாலின் மகிமை” என்றார் மூன்றாமவர்.

“இவங்க ஊருக்குள்ள வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே அது தானா விழுந்துருச்சு” என்றாள் ஒச்சம்மா.

“அப்போ என் மூக்கு?” என்றார் ஜமீன்தார்.

“பொறுத்திருங்க சாமி, அதுவும் விழும். என் விரல் ஆறுற வரைக்கும் இவங்களையே பால் கறக்கச் சொல்லுங்க. பசு உதைச்சா மருந்து அவங்ககிட்டயே இருக்கு.”