உடைந்தபடியே பிறந்த யானை

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றையூர்ச் சீமையை அடலேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருக்கு வண்டார்குழலி என்று ஒரே மகள். அவளுடைய மூன்றாவது பிறந்தநாளன்று யாரோ கொடுத்த பீங்கான் பொம்மை அவள் கையிலிருந்து நழுவிச் சுக்குநூறானது. அன்றைக்கே ராஜாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. "அபசகுனம்!" என்று கத்தினார் ராஜா. அரண்மனையே சேர்ந்து கத்தியது. உடனே ஒரு கட்டளை பிறந்தது: இளவரசிக்குக் கொடுக்கும் பரிசு உடைந்தால், கொடுத்தவருக்குப் பாதி மீசையைச் சிரைத்துக் கழுதைமேல் ஊர்வலம்!

பல்வலி மூன்று நாளில் போய்விட்டது. கட்டளை போகவில்லை.

நான்காவது பிறந்தநாள் வந்தது. உடையும் பொருளைக் கொடுக்க மீசை வைத்தவன் எவன் துணிவான்? ஒருவர் கருங்கல்லில் பசு செதுக்கி வந்தார். இன்னொருவர் வெண்கல உலக்கையைக் கொடுத்துக் கும்பிட்டார். களஞ்சியத் தலைவர் சபாரஞ்சிதர் நான்கு வீரர்கள் தூக்கிவர ஓர் இரும்புக் கிளியைக் கொண்டுவந்து தொம்மென்று இறக்கினார்.

"பிரபு! இடி விழுந்தாலும் இது அசையாது. இறகு முழுக்க அரிச்சுவடி பொறித்திருக்கிறேன். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு!"

இளவரசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளியைப் பார்த்தாள். தொடவில்லை.

"இளவரசியின் கம்பீரத்தைப் பாருங்கள்! அப்படியே பாட்டனார் சாயல்!" என்று உருகினார் சபாரஞ்சிதர்.

மந்திரி மலைக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. கம்பீரமாவது மண்ணாவது! குழந்தைக்குப் பயம். தொட்டால் உடையும், உடைந்தால் எல்லாரும் கத்துவார்கள் என்ற பயம். ஒரு வருஷமாகப் பால் கிண்ணத்தைக்கூட அவள் தானாக எடுப்பதில்லை. நாலு வயதில் கையைப் பூட்டி வைத்தால் எதைக் கற்பாள்? எப்படிச் சிரிப்பாள்?

மந்திரியின் மீசை ஊரறிந்த மீசை. நாற்பது வருஷம் நெய் தடவி வளர்த்தது. அதை ஒருமுறை ஆசையோடு நீவிவிட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்தார். கையிலிருந்த துணிமூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். கடகடவென்று எட்டு மரத்துண்டுகள் உருண்டன.

"என்ன இது?" என்றார் ராஜா.

"யானை, பிரபு."

"உடைந்திருக்கிறதே!"

"ஆமாம் பிரபு. தச்சரிடம் சொல்லி, உடைந்தபடியே செய்து வாங்கினேன்."

சபாரஞ்சிதருக்கு வாயெல்லாம் பல். "கழுதையைப் பிடித்து வாருங்கள்! கத்தியைத் தீட்டச் சொல்லுங்கள்!"

"அவசரப்படாதீர், ஐயா. கொடுத்த பிறகு உடைந்தால்தானே தண்டனை? இது கொடுக்கும் முன்பே உடைந்தது. இனி இதை யாரால் உடைக்க முடியும்?"

ராஜா தாடையைச் சொறிந்தார். அதற்குள் இளவரசி ஓர் அடி முன்னால் வந்திருந்தாள்.

"தாத்தா, இதை யாரு ஒடைச்சா?"

"யாரும் உடைக்கல தாயே. இது இப்படியே பொறந்துச்சு. சேர்த்தா யானை, பிரிச்சா கட்டை."

"நான் தொட்டா?"

"நீங்க தொட்டாத்தானே சேரும்!"

இளவரசியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அப்புறம் மற்றக் கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று துண்டுகளை எண்ணினாள். காது இருக்க வேண்டிய துளையில் வாலைச் செருகினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள், பிடுங்கினாள், திருப்பி வைத்தாள். கடைசியில் யானை நாலு காலில் நின்றது. கைகொட்டிக் குதித்தவள், குதித்த வேகத்தில் ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். எட்டுத் துண்டும் சிதறின. உடனே அவள் முகம் வெளுத்தது. கைகள் மறுபடி பின்னால் போயின.

"உடைந்தது!" என்று துள்ளினார் சபாரஞ்சிதர். "முழுதாக நின்ற யானை, இளவரசி கையில் உடைந்தது. சபையே சாட்சி!"

"மந்திரி, அவர் சொல்வதும் நியாயம்தானே?" என்று ராஜா எழுந்தார்.

"தண்டனைக்குத் தயார், பிரபு. ஆனால் உடைந்த பொருள் மறுபடி சேராது. தாங்களே இதைச் சேர்த்துப் பாருங்கள். சேராவிட்டால் மீசையின் இரண்டு பக்கத்தையும் தருகிறேன்."

ராஜா தரையில் உட்கார்ந்தார். கிரீடம் நழுவ நழுவ, வியர்த்து விறுவிறுக்க யானையைச் சேர்த்தார். எழுந்து மார்பை நிமிர்த்தினார். தும்பிக்கை வால் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கியது. சாமரம் வீசும் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ராஜா செய்ததைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

"களுக்" என்று ஒரு சிரிப்பு கேட்டது. "அப்பா! யானை பின்பக்கமா வாழைப்பழம் தின்னுமா?"

சபை கொல்லென்று சிரித்துவிட்டது. ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. குழலி அதைப் பார்த்தாள். கிட்டே வந்து அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவாயில்லப்பா. தப்பா வெச்சா எடுத்துட்டு மறுபடி வைக்கலாம். நான் கத்த மாட்டேன்."

ராஜா மறுபடி தரையில் உட்கார்ந்தார். போன வருஷம் அந்தக் குழந்தையிடம் தாம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அல்லவா அது! மகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். "மலைக்கொழுந்தாரே, என்ன வேண்டும், கேளும்!"

"அந்தக் கட்டளையைக் கிழித்துப் போடுங்கள் பிரபு, அது போதும்."

கட்டளை அங்கேயே கிழிந்தது. நழுவப் பார்த்த சபாரஞ்சிதரை ராஜா நிறுத்தினார்.

"இரும்புக் கிளியை நீரே வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். வீரர்கள் வரமாட்டார்கள். நாளை முதல் குழலியிடம் பாடம் கேளும். யானையைச் சேர்க்கக் கற்கும்வரை சபையில் உமக்கு ஆசனம் கிடையாது!"

பதினோரு நாள் சபாரஞ்சிதர் சம்மணமிட்டு உட்கார்ந்து திணறினார். எப்படி வைத்தாலும் ஒரு காது கையில் மிஞ்சியது. குழலி ஒரு நாளும் கோபிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் யானை ஒழுங்காக எழுந்து நின்றது. "ஐயா, உம் ஆசனம் காலியாக இருக்கிறது, வாரும்" என்று ராஜா கூப்பிட்டார். சபாரஞ்சிதர் காதில் அது விழவேயில்லை.

"குருவே, கலைச்சிட்டு இன்னொரு தடவை வைக்கட்டுமா?" என்று அவர் இளவரசியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.