ரெண்டு நிமிஷத்துல முடிஞ்ச பிரெஞ்சு நாடகம்

ஒரு கடலோர ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்களாம். பேரு அமலோற்பவம். வாயில நுழையலையா? பிள்ளைங்களுக்கும் நுழையல, அதனால அமலு டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. ஊரு பாண்டிச்சேரி. அங்க ஒரு சின்ன ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அமலு டீச்சர் பிரெஞ்சு சொல்லிக்குடுத்தாங்க. மொத்தமே பதினோரு பிள்ளைங்க. ம் சொல்லு.

"ம்."

அப்போ ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு விட்டாங்க. "அமலு, இந்த பிரெஞ்சு எதுக்கு, அந்த நேரத்துல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுங்கன்னு பெத்தவங்க கேக்குறாங்க. ஆண்டு விழாவுல பிரெஞ்சுல ஒரு நாடகம் போடு. பிள்ளைங்க நல்லாப் பேசினா வகுப்பு இருக்கும். இல்லன்னா ஜூன்லேர்ந்து கிடையாது."

முப்பது வயசுக்கு மேல தானே உக்காந்து படிச்ச பாஷை அது. வீட்ல பேச ஆளு இல்ல. வெங்காயம் நறுக்குறப்போ தனக்குத்தானே பேசிக்குவாங்க. அந்தப் பதினோரு பிள்ளைங்கதான் அவங்களுக்கு அந்த பாஷையில பதில் சொல்ற ஆளுங்க. அதுங்களும் இல்லன்னா?

அப்புறம் குட்டியா ஒரு நாடகம் எழுதினாங்க. ஒரு கிழவிக்குப் பசி. ரொட்டிக்கடைக்குப் போறா. கடைக்காரன் மகா கஞ்சன். "நோன்!"னு விரட்டுறான். நோன்னா பிரெஞ்சுல முடியாதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு கழுதை வந்து அவளுக்காகக் கெஞ்சுது. "நோன்!" அப்புறம் நிலாவே இறங்கி வந்து கெஞ்சுது. அப்பத்தான் அவன் மனசு இளகி "வீ"ன்னு, அதான் சரின்னு, ரொட்டி குடுப்பான்.

ஒத்திகை ஆரம்பிச்ச அன்னைக்கே ஒரு தொல்லை. பிரெஞ்சுல ரொட்டிக்கு என்ன பேரு தெரியுமா? பேன்! நீயும் சிரிக்கிறியா? கிழவி வேஷம் போட்ட எழிலி கையை நீட்டி "பேன், பேன்"னு கேட்டா, மத்ததுங்க எல்லாம் சொறக்கு சொறக்குன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு உருண்டு உருண்டு சிரிக்குதுங்க. நாலு நாள் இதே கூத்து. அஞ்சாம் நாள் டீச்சரும் உக்காந்து கூடவே சொறிஞ்சாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் சிரிப்பு வரல.

ரெண்டாவது தொல்லை கழுதையால. பிரெஞ்சுக் கழுதை "இ-ஆன், இ-ஆன்"னுதான் கத்துமாம். கழுதை வேஷக்காரன் சுடரொளி ஒத்துக்கல. "நம்ம கழுதை அப்படிக் கத்தாது டீச்சர்."

"இது பிரெஞ்சுக் கழுதைடா."

"அப்போ நம்ம ஊரு கழுதைக்குப் புரியாதே?"

டீச்சர் யோசிச்சுப் பாத்துட்டு, "சரி, ரெண்டு மாதிரியும் கத்து"ன்னாங்க.

மூணாவதுதான் பெரிய தொல்லை. கடைக்காரன் வேஷம் தமீமுக்கு. வகுப்புலயே பெரிய தொண்டை அவனுக்கு. ஆனா "நோன்" சொல்றப்போ மட்டும் பூனைக்குட்டி மாதிரி சத்தம்.

"கோவமா சொல்லு தமீம்."

"பாவம் டீச்சர், அவளுக்குப் பசிக்குதுல்ல?"

"நடிப்புதான்டா கண்ணு."

"தெரியும் டீச்சர். ஆனாலும்..."

ஏழு வாரம். ஏழாவது வாரம்தான் "நோன்!"னு ஜன்னல் அதிர கத்தினான். டீச்சர் அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டாங்க. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் விழா நாள் சாயங்காலம் வந்துச்சு. மைதானம் முழுக்க அம்மா அப்பாங்க. முன் வரிசையில பிரான்ஸ்லேர்ந்து வந்த ஒரு வயசான அம்மா, மதாம் சொலாஞ்ஜ். திரை சர்ர்ருன்னு விலகுச்சு. எழிலி கம்பை ஊனிக்கிட்டு, டொக்கு டொக்குன்னு நடந்து வந்தா. கூட்டத்தைப் பாத்தா. அவ்வளவுதான், அப்படியே நின்னுட்டா.

டீச்சர் ஓரமா நின்னு வசனத்தை எடுத்துக் குடுக்குறாங்க. பிள்ளை வாயே திறக்கல. பொலபொலன்னு கண்ணீர். கூட்டத்துல குசுகுசுன்னு பேச்சு.

தமீம் அவளைப் பாத்தான். ஓரத்துல நின்ன டீச்சரைப் பாத்தான். மறுபடி அவளைப் பாத்தான். அப்புறம் தொபுக்குன்னு கடை மேசைலேர்ந்து குதிச்சு, கூடையில இருந்த ரொட்டி அத்தனையும் வாரி அவ மடியில கொட்டிட்டான். "வீ! வீ! வீ!"

நாடகம் முடிஞ்சு போச்சு! ரெண்டே நிமிஷம்!

"டீச்சர், நாங்க இன்னும் வரவே இல்லையே!"ன்னு நிலா வேஷம் போட்ட பிள்ளை அழ ஆரம்பிச்சுது. சுடரொளி பொறுக்கல. ஓடிப்போய் ரெண்டு மாதிரியும் கத்திட்டு வந்துட்டான். சனம் கொல்லுன்னு சிரிச்சுது.

அப்போ மதாம் சொலாஞ்ஜ் எழுந்து நின்னு தமீமைப் பாத்து பிரெஞ்சுல கேட்டாங்க: "ஏம்ப்பா உடனே குடுத்துட்டே?"

இந்தக் கேள்வி நாடகத்துல இல்ல.

தமீம் கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னான்: "எல் ப்ளேர்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க.

"என்ன சொன்னான் அமலு?"ன்னு முன் வரிசைலேர்ந்து ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க.

"அவ அழுறான்னு சொன்னான் மேடம்."

"அது வசனத்துல இருக்கா?"

"இல்ல மேடம். வகுப்புல யாராவது அழுதா நான் வாய்க்குள்ள அப்படிச் சொல்லிக்குவேன் போல. அதைக் கேட்டு வச்சிருக்கான்."

முன் வரிசைல கேட்டவங்க பின் வரிசைக்குச் சொன்னாங்க, அவங்க அதுக்குப் பின்னால சொன்னாங்க. ஒருத்தரும் சிரிக்கல. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து டீச்சர் பக்கத்துல வந்தாங்க. அப்புறம், "ஜூன்லேர்ந்து மூணாங்கிளாஸையும் நீயே எடுத்துக்கோ"ன்னாங்க.

டீச்சர் சந்தோஷப்படக்கூட நிக்கல, தெரியுமா? மேடைக்குப் பின்னால எழிலி இன்னும் விசும்பிக்கிட்டு இருந்தா. "எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். சொல்லத்தான் வரல."

"எனக்குச் சொல்லு"ன்னு டீச்சர் தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க. அந்தப் பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முதுகைக் கூனிக்கிட்டு, முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஒரு தப்பு இல்லாம சொன்னா. டீச்சர் ஒருத்தராவே நின்னு கை தட்டினாங்க, உள்ளங்கை சிவக்குற வரைக்கும்.

ம் சொல்லு... ம்?

சரி சரி. கதை கரை ஏறிடுச்சு, கண்ணு ரெண்டும் சாத்திக்கோ, தூங்கு.