கண்ணாடித் தொட்டியில வெளஞ்சது

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தான். ஊருன்னா ஊரு இல்ல, வெறும் பாறை. பாறை உச்சியில ஒரு கோட்டை. அங்க பிடி மண்ணு கெடையாது. நடுவுல ஒரு சுனை, அதுல மட்டும் எப்பவும் தண்ணி. ராசாவுக்கு ஏதோ ஒரு பேரு. ஞாபகம் வச்சுக்கிற அளவுக்கு அவன் பெரிய ஆளும் இல்ல. சனங்க வச்ச பேரு பவிசு ராசா. காலையில அவன் மீசைக்கு எண்ண தடவ ஒருத்தன், தடவுன மீசையப் பாத்து 'ஆகா'ன்னு சொல்ல இன்னொருத்தன். கேக்குறியா?

ம்.

அவன் பொண்டாட்டி செங்கமலம். அவளுக்கு வாய் கொஞ்சம் காரம். அப்பத்தான் ஒரு பொம்பளப் புள்ள பெத்துருந்தா. அந்த நேரம் பாத்து பக்கத்து நாட்டு ராசா படையோட வந்து பாறையச் சுத்தி ஒக்காந்துக்கிட்டான். சண்ட போடல. மேல இருக்கறவங்க பட்டினி கெடந்து தானா கதவத் தெறப்பாங்க, அப்போ எல்லாரையும் அடிமையா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்னு கணக்குப் போட்டான்.

மேல கம்பு இருந்துச்சு, சாக்கு சாக்கா. கீரை வெதைகூட ஒரு பானை இருந்துச்சு. ஆனா பச்சையா ஒரு எலை இல்ல. வெறும் கம்பங்கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு எல்லாருக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சுது. செங்கமலத்துக்குப் பால் வத்திப்போச்சு. புள்ள 'ங்ஙே, ங்ஙே'ன்னு அழுவுது. அத மடியில போட்டுக்கிட்டு அவ ராசாகிட்டச் சொன்னா, "கொஞ்சம் கீரைக்கு வழி பண்ணுங்க. இல்லன்னா இது தங்காது."

"மண்ணே இல்லாம தண்ணியில பயிர் பண்ணிக் காட்டுறேன்"னான் ராசா. நல்ல யோசனைதான், அத ஒத்துக்கணும். ஆனா அவன் கையில சிக்குனா எந்த யோசனை உருப்படும்?

மொதல்ல வெள்ளித் தாம்பாளம் நெறையத் தண்ணி ஊத்தி வெதையக் கொட்டுனான். வெதை முங்கிக் கெடந்து, கொழகொழன்னு அழுகி நாறுச்சு. தாம்பாளத்த சரியாத் தேய்க்கலன்னு தேய்ச்சவனுக்குத் திட்டு.

அப்புறம், வெதை ஒக்கார ஏதாச்சும் விரிக்கணும்னு மந்திரி சொன்னாரு. "சணல் சாக்கு கெடக்கே, அத விரிங்க"ன்னா செங்கமலம்.

"ராசா வீட்டுப் பயிரு சாக்குலயா மொளைக்கும்? எடு பட்டுத் துணிய."

பட்ட விரிச்சான். மொளைச்சுது, நூலு நூலா, மஞ்சளா. வெறுந்தண்ணியக் குடிச்சு எத்தன நாளு நிக்கும்? பொத்துப் பொத்துன்னு சாஞ்சுது. தூங்கிட்டியா?

ம்... ம்ம்.

அப்புறம் மூணாவது. அதுதான் உச்சம். சீமை வியாபாரி குடுத்த கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருந்துச்சு. வேரு எறங்குறத சனங்க எல்லாம் பாத்து மெச்சணுமாம். அத நடு முத்தத்துல, மண்டையப் பொளக்குற வெயில்ல வச்சான். பயிருக்குப் பசிக்குமேன்னு தேன் வேற ஊத்துனான். பெத்த புள்ள வாயில ஊத்த ஒண்ணும் இல்ல, தொட்டிக்குத் தேனு. கொஞ்ச நாள்ல தொட்டி முழுக்கப் பச்சை. 'ஆகா'ன்னு கத்துனாங்க. கிட்டப் போயிப் பாத்தா பாசி. வழவழன்னு பாசி, அதுக்கடியில 'பொளக் பொளக்'குன்னு கொப்புளம். ஒரு கீரை இல்ல.

"சரி, கதவத் தெறந்துடலாம்"னான் ராசா, மீசையத் தடவிக்கிட்டே. அம்புட்டுதான் அவன் வீரம்.

செங்கமலம் ஆணியில தொங்குன கோட்டைச் சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. 'சாவியக் கேளேன் பாப்போம்'னு நின்னா. ராசா கேக்கல. பயம்.

அப்புறம் புள்ளத் துணிய அலச சுனைக்குப் போனா. அங்க எப்பவோ அறுந்த சணல் கயிறு ஒண்ணு பாறை வெடிப்புல சிக்கிக் கெடந்துச்சு. அதுமேல கொழுகொழுன்னு ஒரு கீரைத் தண்டு, வெயிலப் பாத்துத் தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. இழுத்துப் பாத்தா, வெடிப்பு இருட்டுக்குள்ள, கயித்துப் புரி நடுவுல, வெள்ளை வெளேர்னு வேரு. கயிறு பாதி தண்ணியில, பாதி காத்துல. மேல ஒக்காந்த புறாவோட எச்சம் சொட்டுச் சொட்டா அதுல விழுது. அவளுக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. எலைக்குத்தான் வெயிலு, வேருக்கு இருட்டு. மூச்சு விட எடமும், வயித்துக்குச் சோறும் வேணும். அவ புருசன் இது ஒண்ணையும் குடுக்கல, வேடிக்கை பாக்க மட்டும் ஆள் கூட்டுனான்.

அப்போ அவ கம்பு தீந்த சாக்கையெல்லாம் உதறி எடுத்தா. பானை வாயில சாக்கக் கட்டி, ஓரத்தத் தண்ணியில தொங்கவிட்டு, மேல வெதையத் தூவுனா. புறா எச்சத்த ஊறவச்சுத் தெளிஞ்ச தண்ணிய ஊத்துனா. காத்துப் பட தெனமும் கரண்டியால 'சளக் சளக்'குன்னு கலக்கி விட்டா. கிழிஞ்ச சாக்கையும் வீசல, புள்ளைக்குத் தூளி கட்டுனா. ராசா மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமே வரல. யாரு கூப்புட்டா?

கீரை 'கிடுகிடு'ன்னு எழுந்துச்சு. ஒரு கிள்ளு, ரெண்டு கிள்ளு, அப்புறம் சட்டி சட்டியா. ஈறு ஆறுச்சு. அவளுக்குப் பால் ஊறுச்சு. புள்ள 'சப்பு சப்பு'ன்னு குடிச்சிட்டுத் தூங்குனதப் பாத்து, அந்தக் காரவாய்க்காரி தேம்பித் தேம்பி அழுதா.

கீழ ஒக்காந்தவனுக்குத்தான் சோறு தீந்துச்சு. வாயப் பொளந்து மேலயே பாத்துட்டு, மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிச் சேந்தான்.

உடனே பவிசு ராசா வெளிய வந்துட்டான். "மண்ணில்லாம பயிர் பண்ணுன மகாராசா நான்"னு தண்டோரா. ஊருக்கே விருந்து. எல்லாரு எலையிலயும் செங்கமலம் சூடாக் கீரை மசியல் வச்சா. ராசா எலைக்கு வந்தப்ப, வேற சட்டியிலருந்து ஒரு கரண்டி அள்ளி 'சொத்'துன்னு வச்சா. பச்சையா, வழவழன்னு.

"என்ன இது?"

"நீங்க பண்ணுன பயிருங்க. கண்ணாடித் தொட்டியில வெளஞ்சது. சாப்புடுங்க, சனங்க பாக்குறாங்க."

சனங்க பாத்துச்சு. மீசையப் பாத்து மெச்சுறவன்கூட 'ஆகா'ன்னு சொல்லாம பாத்தான். ராசாவுக்கு வேற வழி? 'மொழுக் மொழுக்'குன்னு முழுங்குனான்.

என்ன முழிக்கிற? ராத்திரி தட்டு ஓரத்துல கீரைய ஒதுக்கி வச்சியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? அந்தத் தொட்டி இன்னும் அங்கதான் இருக்கு, எனக்கு வழி தெரியும்.

ம்.

அது. ராசா வாயும் மூடியாச்சு, என் வாயும் மூடியாச்சு. நீ கண்ண மூடு.