எதிர்ப்பக்கத்துக் கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு நாத்தனார் இருந்தா. ராஜா ராணியெல்லாம் நேத்தே சொல்லியாச்சு, இன்னைக்கு நாத்தனார்தான். போர்வையை இழுத்துக்கோ பவானி. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

அவ பேரு செண்பகம். என்னது? அத்தை பேரும் அதானா? ஏன், உலகத்துல ஒரே ஒரு செண்பகம்தான் இருக்கணுமா? குறுக்கே பேசாத.

செண்பகத்துக்கு ஒரே தம்பி. அம்மா இல்லாத பிள்ளை. இவதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போயி வளத்தா. அவன் படிச்சு முடிச்சு மெட்ராஸுக்கு வேலைக்குப் போனான். போன இடத்துல ஒரு பொண்ணைப் பாத்து, "அக்கா, கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்"னுட்டான். செண்பகத்துக்குச் சுருக்குன்னுச்சு. நிச்சயதார்த்தம் அன்னைக்கு எல்லார் முன்னாடியும், "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, எங்க வீட்டுக்கு ஒத்து வருவாளான்னுதான் தெரியல"ன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டா. வாய் சும்மா இருக்கணுமே! அந்தப் பொண்ணு முகம் அப்படியே சுண்டிப்போச்சு.

"ம்."

அப்புறம் தை மாசம் ஞாயித்துக்கிழமை கல்யாணம். பொண்ணு ஊரு மெட்ராஸ், அதனால மண்டபமும் அங்கதான். கோவில்பட்டியிலேருந்து ஒரு வேன் நிறைய போயி இறங்கினாங்க. முகூர்த்தம் காலைல ஆறுலேருந்து ஏழரை வரைக்கும். அவங்க வீட்டுல ஒரு வழக்கம். விடியக்காலம் தாலியை அம்மன் காலடியில வச்சு எடுத்துட்டு வந்துதான் கட்டணும். அதை நாத்தனார்தான் கொண்டு போகணும், அவதான் கொண்டு வரணும், நடுவுல வேற யார் கைக்கும் போகக் கூடாது.

மண்டபத்துக்கு நேர் எதிர்ல ஒரு சின்ன அம்மன் கோயில். அஞ்சு மணிக்கு ரோடு காலியாக் கிடந்துச்சு. துணைக்கு வர்றேன்னவங்களையெல்லாம், "இந்தா இருக்கிற கோயிலுக்கு ஒரு படையா?"ன்னு உக்காத்தி வச்சுட்டு, சிக்னல் வழியா விறுவிறுன்னு தாண்டிப் போனா. பூசாரி தாலியைக் காலடியில வச்சு, பூசை பண்ணி, மஞ்சப்பையில போட்டுக் குடுத்தாரு. வாங்கிட்டு நேரா வர வேண்டியதுதானே? வரல. விளக்கு பக்கத்துல சும்மா உக்காந்துட்டா. பத்து நிமிஷம். இதைக் கொண்டு போய்க் குடுத்துட்டா என் தம்பி எனக்கில்லைன்னு ஒரு நெனப்பு. அழுகை வந்துச்சு, அழுதா. அந்தப் பத்து நிமிஷம் அம்மனுக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

"ம்."

அப்போ வெளியில ஒரு சத்தம். தடதடதடதட! எட்டிப் பாத்தா, ரோடே ஓடுது! ஆம்பள, பொம்பள, கிழவன், குமரி, அத்தனை பேரும் நீல பனியன், நெஞ்சுல ஆளுக்கொரு நம்பர். தீ கீ பிடிச்சிருச்சா, கடல் வந்துருச்சான்னு செண்பகம் வெளியில ஓடி வந்தா. ரோட்டு ஓரம் பூரா கயிறு கட்டியிருக்கு. ஒரு காலேஜ் பொண்ணு விசிலை வாயில வச்சுக்கிட்டு நிக்குறா.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மாரத்தான் ஆன்ட்டி. ஓட்டப் பந்தயம். ரோடு ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்க."

"ஒன்பதா! நான் எதிர்ப்பக்கம் போகணும்மா."

"சிக்னல்ல கேளுங்க ஆன்ட்டி." ஃப்ர்ர்ர்னு விசிலடிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா.

சிக்னலுக்கு ஓடினா. ரோட்டு நடுவுல பாலம் கட்டுற வேலை நடக்குது, ரெண்டு ஆள் உயரத்துக்குப் பச்சைத் தகரம், நீளத்துக்கும். காலைல வந்த இடைவெளியிலயும் இரும்பு வேலி வச்சுக் கட்டியாச்சு. போலீஸ்காரர் கையைக் காட்டி, "சுரங்கப்பாதை வழியாப் போங்கம்மா"ன்னாரு. சுரங்கப்பாதைக்கு ஓடினா. அங்க கதவுல பூட்டு தொங்குது. கதவுக்கு முன்னாடி ஒரு பூக்காரம்மா உக்காந்து, "ஞாயித்துக்கிழமை சாவிக்காரரு எட்டு மணிக்குத்தான்மா வருவாரு"ன்னு நிதானமாப் பூக் கட்டுது.

அந்தப் பக்கம் தகரத்துக்குப் பின்னாடி, பீப்பீ டும்டும்னு கல்யாண மேளம் கேக்குது. மண்டபத்து உச்சியில லைட்டு எரியிறது தெரியுது. கூப்பிடு தூரம், போக வழி இல்லை.

"ம்... அப்புறம்?"

அப்புறம் தம்பிக்குப் போன் போட்டா.

"அக்கா, எங்க இருக்க?"

"எதிர்லதான்டா இருக்கேன்."

"எதிர்லன்னா?"

"எதிர்லன்னா எதிர்லதான்!"

தாய்மாமா போனைப் பிடுங்கி, "ஏ செண்பகம், தகரத்துக்கு மேல தூக்கிப் போடு, உன் தம்பி பிடிச்சுக்குவான்"னாரு. தாலியைத் தூக்கிப் போடுறதாம்! அதுவும் அந்தத் தம்பிக்கு! சின்ன வயசுல கிரிக்கெட்டு விளையாடுறேன்னு போயி ஒரு பந்து ஒழுங்காப் பிடிச்சதில்லை. "வாயைக் கழுவுங்க மாமா"ன்னா. அப்போ போனுக்குள்ள வேற ஒரு குரல் கேட்டுச்சு. பொண்ணு வீட்டு ஆளுக யாரோ. "அந்த அக்காவுக்கு முதல்லேருந்தே இஷ்டமில்லை. வேணும்னே பண்றாங்க."

இல்லைன்னு கத்தலாம். அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, அது கத்த விடல.

பையை இடுப்புல சொருகினா. கயித்துக்குக் கீழ குனிஞ்சு, யார்கிட்டயாவது வழி கேக்கலாம்னு ஒரு காலை உள்ள வச்சா. அவ்வளவுதான், கூட்டம் அள்ளிட்டுப் போயிருச்சு! பட்டுப்புடவை சரசரங்குது, கொலுசு ஜல்ஜல்ங்குது, வெறுங்காலோட இவளும் ஓடுறா. எதுக்கு ஓடுறோம், எங்க ஓடுறோம், ஒண்ணும் புரியல. பக்கத்துல ஓடினவனைக் கேட்டா, "தம்பி, எதுக்கு ஓடுறீங்க?" "உடம்புக்கு"ன்னான். அடுத்தவளைக் கேட்டா. "கேன்சருக்கு"ன்னா. செண்பகம் பயந்து அவளையே பாத்துட்டு ஓடுறா, அவளோ சிரிச்சுக்கிட்டே ஓடுறா. இன்னொருத்தனைக் கேட்டா, "தெரியலக்கா, ஆபீஸ்ல ஓடச் சொன்னாங்க"ன்னான். ஓரத்துல நின்னவங்க கைதட்டுறாங்க, "சூப்பர் ஆன்ட்டி!" ஒருத்தன் பாதி வாழைப்பழத்தைக் கையில திணிக்கிறான். ஒருத்தி மூஞ்சியில சில்லுனு தண்ணி அடிக்கிறா. தாலியைக் கொண்டு போறவளுக்கு இந்த ஊர்ல இப்படித்தான் மரியாதை பண்ணுவாங்களோன்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துருச்சு அவளுக்கு.

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்போ ஒரு பெரியவர், வெள்ளை மீசை, மெதுவா லொங்கு லொங்குன்னு ஓடி வந்தாரு. தாவீதுன்னு பேரு, ரிட்டயர்டு பஸ் டிரைவர். "இன்னாம்மா, பட்டுப்பொடவைல?"ன்னாரு. இவ அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா.

"இவ்ளோதானா? நாப்பது வருஷம் இந்த ரோட்ல பஸ் ஓட்னவன் சொல்றேன், கேளு. குறுக்க போக வழி கெடையாது. இவங்க எல்லாரும் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஓடி, அங்க திரும்பி, தகரத்துக்கு அந்தாண்ட பக்கமாத்தான் வருவாங்க. நீயும் போய்த் திரும்பினா நேரா மண்டபம். ரெண்டு கிலோமீட்டர் போவ, ரெண்டு கிலோமீட்டர் வர."

நூறடி ரோட்டைத் தாண்ட நாலு கிலோமீட்டர்! செண்பகம் தலையில கையை வச்சா. "கையைக் கீழ எடு, மூச்சு வாங்கும்"னாரு. ஓடினாங்க.

"ம்..."

ஓடினாங்க, ஓடினாங்க. உள்ளங்கால் எரியுது. திரும்புற இடத்துல ஒரு மேசை, தண்ணி, பக்கத்துல ஒரு காலி நாற்காலி. உக்காரு உக்காருன்னு கூப்பிடுது. பத்து நிமிஷம் உக்காந்ததுக்குத்தானே இந்தப் பாடு, இனி உக்காருவாளா? அந்த நாற்காலியை ஒரு முறை முறைச்சுட்டுத் திரும்பினா. திரும்பின உடனே எல்லாம் தலைகீழ். அம்மன் கோயில் எந்தப் பக்கம், மண்டபம் எந்தப் பக்கம், ஒண்ணும் பிடிபடல. மேளச் சத்தத்தைத் தேடிக் காதைக் கூர்மையாக்கினா. மேளம் கேக்கல. நின்னுபோச்சு. "ஐயா, கல்யாணத்தை நிறுத்திட்டாங்க"ன்னு கதறினா. "நாயனக்காரர் காப்பி குடிப்பாருமா, நீ ஓடு"ன்னாரு.

மண்டபம் வந்துச்சு. தாவீது ஐயா நடு ரோட்டுல ரெண்டு கையையும் விரிச்சு நின்னாரு. "நில்லு, நில்லு! தாலி போவுது!" அத்தனை நீல பனியனும் டக்குனு நின்னுச்சு. இவ கயித்துக்குக் கீழ குனிஞ்சு, படியேறி, மேடைக்கு வந்து சேந்தா. மணி ஏழு இருவது.

தலை கலைஞ்சு, புடவை நனைஞ்சு, கையில பாதி வாழைப்பழம். பொண்ணோட அப்பா வேற பக்கம் பாக்குறாரு. தாய்மாமா மெதுவாச் சொன்னாரு: "எல்லாரும் என்னென்னவோ பேசினாங்க செண்பகம். அந்தப் பொண்ணு மட்டும்தான், 'அண்ணி வந்துருவாங்க, யாரும் எதுவும் பேசாதீங்க'ன்னு மணவறையில உக்காந்தே இருந்துச்சு."

அப்புறம் கெட்டிமேளம். டும்டும்டும்டும்! தம்பி முத முடிச்சு போட்டான். மத்த ரெண்டும் நாத்தனார் போடணும். போட முடியல. மூச்சு இரைக்குது, கண்ணு தெரியல. கயிறு நழுவுது. அப்போ அந்தப் பொண்ணு தலை குனிஞ்சபடியே மெல்லச் சொன்னா, "அண்ணி, மூச்சு வாங்கிட்டுக் கட்டுங்க. நான் எங்கேயும் போகல."

ரெண்டாவது முடிச்சு. மூணாவது முடிச்சு. இன்னைக்கு வரைக்கும் கெட்டியா இருக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாவீது ஐயா வந்தாரு. கழுத்துல ஓட்டப் பந்தய மெடல். அதைக் கழட்டி, "என்னை இழுத்துட்டு ஓடினது நீதான்மா"ன்னு செண்பகத்துக்குப் போட்டு விட்டாரு. எது? ஆமா, உன் கட்டில் கம்பியில தொங்குதே, அதேதான். சரி, நான்தான். போதுமா? நீ "ம்" கொட்டு.

பவானி?

தூங்கிட்டா.

யாரு, வினோவா? வாசல்ல எவ்வளவு நேரமா நிக்குற? கோயில்ல உக்காந்ததையும் கேட்டுட்டியா? இத்தனை வருஷம் உன்கிட்டச் சொல்ல வாய் வரலம்மா. உன் மகளுக்குச் சொல்ற சாக்குல வந்துருச்சு. தப்புதான். என்ன சொல்ற? நீயுமா? தாலி வரலைன்னு தெரியுறதுக்கு முன்னாடியே, ரூம் கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு, உங்க அம்மாவை விட்டுப் போகணுமேன்னு பத்து நிமிஷம் அழுதியா?

அடிப்பாவி. அங்க நீ, இங்க நான். நடுவுல ஒரு ரோடு.

வா, இப்படி உக்காரு. ஓடினவங்க எல்லாம் வீடு போய்ச் சேந்தாச்சு, கதையும் காலை நீட்டிப் படுத்தாச்சு. அந்த விளக்கை மட்டும் அணைச்சிரு.