கித்தேரியான் அடைத்த ஆமை

“மேஸ்திரியம்மா, எஞ்சின் பிடிக்குது. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிறதுக்குள்ள செத்துப்போகுது. நான் என்ன பாவம் செஞ்சேன்?”

கித்தேரியான் இப்படிக் கேட்டபோது சலேத்தம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு சொல்லிப் பாத்தியளா, அண்ணாச்சி?”

கித்தேரியானுக்கு வயது அறுபத்து மூன்று. சலேத்தம்மாவுக்கு நாற்பது தாண்டியிருந்தால் அதிகம். ஆனால் எஞ்சின் விஷயத்தில் அந்தக் கடற்கரையே அவளுக்குக் கைகட்டி நின்றது. கடலில் எந்தப் படகு இருமினாலும், வீட்டில் சோறு வடித்துக்கொண்டே எந்த வால்வு என்று சொல்லிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே சாமியார் இருமியபோதுகூட, ‘மூணாவது வால்வு’ என்றாளாம்.

அது பொய்யாக இருக்கலாம். நாலாவதாக இருந்திருக்கும்.

கித்தேரியான் எழுப்ப வந்த எஞ்சின் படகினுடையதல்ல. லாரியினுடையதுமல்ல.

பழைய உப்புக் கிட்டங்கியில் ஒரு வண்டி கிடந்தது. ஆறு சக்கரம், பின்னால் ஒரு புரொப்பல்லர். தரையில் லாரி, தண்ணீரில் படகு. உலகப்போர்க் காலத்தில் ஏதோ ஒரு பட்டாளம் விட்டுப்போனது. எந்தப் பட்டாளம் என்று கேட்டால் ஏழு பேர் ஏழு கதை சொல்வார்கள். ஏழிலும், சொல்கிறவரின் தாத்தாதான் அதை ஓட்டியிருப்பார்.

ஊர் அதை ஆமை என்றது.

ஆமை இவருக்கு எதற்கு?

எதிரே கொக்குத்திட்டு. முப்பது வீடு. நடுவில் உப்பங்கழி. கடல் ஏறும் ஏற்றத்தில் படகு போகும். கடல் இறங்கும் வற்றத்தில் கழி முழுக்கச் சேறு, நடுவில் மட்டும் ஆள் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். சேற்றில் படகு போகாது. வாய்க்காலில் மாட்டு வண்டி போகாது.

இருபது வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது பிரசவத்துக்கு வலி கண்ட மனைவி சவேரியம்மாளை, அப்போது குடியிருந்த திட்டிலிருந்து கித்தேரியான் ஏற்றிக்கொண்டு வந்தார். படகு நடுக்கழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஏற்றம் வர ஆறு மணி நேரம்.

கித்தேரியான் கலப்பத்துக்காரர். படகுப் பலகைச் சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துத் தண்ணீர் புகாமல் அடிக்கிறவர். அந்தப் படகையும் அவர்தான் அடைத்திருந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவ்வளவு காய்ந்த படகில்தான் அவள் உயிர் போனது.

இப்போது மகள் மதலேன் அதே திட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒன்பதாம் மாதம். இக்கரைக்கு வந்துவிடு என்றால், கட்டிலோடு கிடக்கும் மாமியாரை யார் பார்ப்பது என்கிறாள். பிடிவாதத்தில் அம்மாவைக் கொண்டிருந்தாள்.

அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன்பு கித்தேரியான் சலேத்தம்மாவிடம் வந்து, “ஆமையை எழுப்பிக் குடுங்க” என்றார்.

“நான் எழுப்பினா, நான் இல்லாத அன்னைக்கு அது தூங்கிரும். நீங்க எழுப்புங்க. நான் பக்கத்துல உக்காருதேன்.”

உட்கார்ந்தாள். அவர் கார்புரேட்டரைக் கழுவினார். பிளக்கைத் தேய்த்தார். எங்கேயோ உடைத்த லாரிகளிலிருந்து சாமான் வாங்கி மாட்டினார். அவள் டீ குடித்தாள். அவர் தப்பாக மாட்டினால் டீயை உறிஞ்சுகிற சத்தம் மாறும். அதுதான் பாடம்.

எஞ்சின் எழுந்தது. மூன்று செபத்துக்குள் விழுந்தது.

“எண்ணெய் இருக்கு, பொறி இருக்கு, எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் சாகுது?” என்றார் மறுபடியும்.

சலேத்தம்மா எழுந்து எஞ்சின் அறையின் மூடியைத் தூக்கினாள். எஞ்சின் ஆறிக் கிடந்தது.

“உள்ள போயி உக்காருங்க.”

“நானா?”

“அது கூடக் கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்க.”

அவர் குனிந்து, முட்டி இடிக்க உள்ளே உட்கார்ந்தார். அவள் மூடியைச் சாத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மீதி டீயைக் குடித்தாள்.

உள்ளே கும்மிருட்டு. ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. கித்தேரியானுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஊசி முனை இடம் விடாமல் அவர் கை அடைத்த அடைப்பு. அப்புறம் வேர்த்தது. அப்புறம் நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. பெட்ரோல் வாடை மண்டைக்குள் புகுந்தது.

மூடியைக் குத்தினார். கத்தினார்.

அவள் திறந்தாள்.

“ஏன் கத்துனிய?”

“மூச்சு முட்டுது தாயி!”

“அதுக்குக் கத்தத் தெரியல.”

கித்தேரியான் வெளியே தவழ்ந்து வந்தார். பிறகு எஞ்சினுக்குக் காற்று வருகிற கம்பிச் சன்னல்களிலிருந்து பஞ்சைப் பிடுங்கத் தொடங்கினார். ஹாரனுக்குள்கூடப் பஞ்சு இருந்தது. மொத்தம் இரண்டு கூடை. அந்தப் பஞ்சில் யாரோ தலையணை தைத்ததாகவும், அதில் தலைவைத்தவன் விடிய விடிய மூச்சு வாங்கியதாகவும் சொல்வார்கள்.

அன்று ஆமை சாயங்காலம் வரை உறுமிக்கொண்டிருந்தது. திட்டிலிருந்த நாய்கள் பதில் சொல்லின.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் சலேத்தம்மா. வண்டியின் விலாவில், பம்ப்பின் குழாய் வாயில் ஒரு மரத்தக்கை இறுகியிருந்தது. “இதை எப்ப எடுப்பிய?”

“அதையா? அது வழியா கடல் உள்ள வந்துராதா?”

“உள்ள வந்த கடல் அது வழியாத்தான் வெளிய போவும். புரொப்பல்லர் சுத்தும்போதெல்லாம் பம்ப்பும் சுத்தி, தண்ணிய இறைச்சுக் கொட்டும். புரொப்பல்லர் நின்னா அதுவும் நின்னுரும். செஞ்சவன் அப்படிச் செஞ்சிருக்கான்.”

கித்தேரியான் சிரித்தார். “செஞ்சவனுக்கு அடைக்கத் தெரியல. அதான் இறைக்கிறதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கான். இது நான் அடைச்ச வண்டி, மேஸ்திரியம்மா. வெளிய கொட்ட உள்ள தண்ணி இருக்காது.”

அவள் இன்னொரு டீ சொல்லப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் ஆமை தண்ணீரில் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கித்தேரியான் அதன் அடிவயிற்றில் ஒரு புதுச் சந்து கண்டுபிடித்தார். பஞ்சு வைத்தார், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்தார், குங்கிலியம் பூசினார்.

“எப்ப இறக்குவிய?”

“ஒரு சொட்டும் வராதுன்னு தெரியட்டும்.”

“எப்பத் தெரியும்?”

“நாளைக்கு.”

ஏழாம் நாள் உச்சி வெயிலில், கொக்குத்திட்டில் ஒரு மூங்கில் நுனியில் சிவப்புச் சேலை ஏறியது. மகளுக்கு வலி கண்டால் ஏற்றச் சொல்லி அவர்தான் கொடுத்திருந்தார்.

கழி வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு.

கித்தேரியான் ஆமையிடம் ஓடினார். கை கொட்டாப்புளியைத் தேடி எடுத்தது.

“நீங்க ஓட்டுங்க. என் கை இதுல இருக்கணும்.”

சலேத்தம்மா ஏறி உட்கார்ந்தாள்.

ஆமை சேற்றில் இறங்கியது. ஆறு சக்கரமும் சேற்றை வாரி வானத்துக்கு எறிந்தன. கொக்குகள் கறுப்பாகப் பறந்தன. நடு வாய்க்கால் வந்ததும் மூக்கைத் தாழ்த்தித் தண்ணீருக்குள் போய், ஒரு முங்கு முங்கி மிதந்தது. புரொப்பல்லர் சுழன்றது.

மிதக்கிறது. கித்தேரியான் குனிந்து உள்ளே பார்த்தார். காய்ந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது எஞ்சின் அறையிலிருந்து குங்கிலிய வாசம் வந்தது. கோயிலில் வருகிற மாதிரி, நல்ல வாசம்.

மரப்படகின் பலகை சுடாது. ஆமையோ இரும்பு. எஞ்சின் சூட்டில் அடித்தகடு காய்ந்து, அவர் பூசிய குங்கிலியம் நெய்யாக உருகிக்கொண்டிருந்தது. ஒரு சந்து வாய் திறந்தது. பிறகு இன்னொன்று. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

“நிறுத்துங்க! எஞ்சினை நிறுத்துங்க! அதுக்கு அடியிலதான் வருது. நின்னாத்தான் கை விட முடியும். அடைச்சிருதேன்!”

“எத்தனை நேரம் ஆவும்?”

“ஒரு மணி நேரம். முக்கால்.”

“நிறுத்தவா?”

அவள் கை சாவிமேல் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கித்தேரியான் தண்ணீரைப் பார்த்தார். திட்டைப் பார்த்தார். மூங்கில் நுனியில் சேலை படபடத்தது. சவேரியம்மாளோடு படகு உட்கார்ந்த இடம் அவருக்குத் தெரியும். கொஞ்சம் தெற்கே தள்ளி. அன்றைக்கும் இதே வெயில்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

“அண்ணாச்சி, நிறுத்தவா?”

அவர் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு விலாப்பக்கம் போய், விளிம்பில் குப்புறப் படுத்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டார். நாற்பத்தைந்து வருஷம் அடைக்க மட்டுமே அடித்த கொட்டாப்புளி. ஓங்கி, தக்கையின் பக்கவாட்டில் ஓர் அடி. அசையவில்லை. அவர் இறுக்கிய தக்கையாயிற்றே. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் தக்கை பறந்தது, கூடவே கொட்டாப்புளியும் பறந்து கழியில் விழுந்தது.

குழாய் ஒருமுறை செருமியது. பிறகு யானை தும்பிக்கையால் பீய்ச்சுகிற மாதிரி பீய்ச்சியது. அந்தத் தண்ணீர் கரையில் உலர்ந்த கருவாட்டை நனைத்ததாகத் திட்டுக்காரர்கள் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

சலேத்தம்மா சாவியிலிருந்து கையை எடுத்து, எஞ்சினை இன்னும் முடுக்கினாள்.

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. கீழே வந்துகொண்டிருந்தது, விலாவில் போய்க்கொண்டிருந்தது.

ஆமை சேற்றில் ஏறி, திட்டில் போய் நின்றது. மதலேன் புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலிக்கு நடுவிலும் எட்டிப் பார்த்தாள். கலப்பத்துக்காரர் மகள் அல்லவா, கண் நேரே அடித்தளத்துக்குத்தான் போனது.

“அப்பா! உள்ள தண்ணி கெடக்கே!”

கித்தேரியான் கையை நீட்டினார்.

“கெடக்கட்டும் மகளே. ஏறு.”