தேவாங்கைப் புகழ்ந்த கீரி

ஒரு காட்டில் சிறுத்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அங்கே தண்ணீர் குடிப்பதற்குக்கூட அரசாங்க ஏற்பாடு தேவைப்பட்டது. ஏரிக்கரையில் ஒரு காவல் நிலையம், அதற்குத் தலைவராக ஒரு கீரி, கீரிக்குக் கீழே காவலுக்கு ஒரு தேவாங்கு. சிறுத்தையைக் கண்டால் தேவாங்கு கத்த வேண்டும். கத்தினால் தண்ணீர் குடிக்கும் பிராணிகள் ஓடிவிடும். வேலை அவ்வளவுதான்.

தேவாங்கின் பெயர் விழியப்பன். பெயருக்கேற்ற பெரிய கண்கள். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டே அது தூங்கும். சம்பளமாக அத்திப்பழம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்.

கீரி சுறுசுறுப்பானது, பொறுப்பானது, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ஒரு நாள் சிறுத்தை வந்தபோது விழியப்பன் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு முயல் வாலைப் பறிகொடுத்துவிட்டுத் தப்பி ஓடியது. முயலுக்கு இருந்ததே துளி வால், அதுவும் போயிற்று. நாளைக்கு ஓர் உயிரே போனால் யார் பதில் சொல்வது என்று கீரிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கராஜாவிடமிருந்து உத்தரவு வந்தது. நிலையத் தலைவர்கள் எல்லாரும் ஆலமரத்தடிக்கு வந்து பணியாளர் மேலாண்மை படிக்க வேண்டுமாம். தன் தலைவலிக்கு மருந்து கிடைக்கும் என்று கீரி ஆசையோடு போனது.

பாடம் நடத்தியது ஒரு நாரை. ஊக்கம் என்றால் என்ன, ஊக்கத்தின் வகைகள் எத்தனை, வகைகளின் உட்பிரிவுகள் எத்தனை என்று ஒற்றைக் காலில் நின்றபடி பேசிக்கொண்டே போயிற்று. யானை குறட்டை விட்டது. கீரி மட்டும் கையைத் தூக்கி, வேலையே செய்யாதவரை என்ன செய்யலாம் என்று கேட்டது. அது பாடத்திட்டத்தில் இல்லை என்று நாரை சொல்லிவிட்டது.

இடைவேளையில் வடக்கு மலைக் காவல் நிலையத் தலைவரான நரி, கீரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அரசாங்க உத்தியோகத்துல யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, கீரியாரே. இடம்தான் மாத்தலாம்."

"இவனை யாரு எடுத்துக்குவாங்க?"

"திட்டினா யாரும் எடுக்க மாட்டாங்க, உங்க தலையிலேயே உட்கார்ந்திருப்பான். புகழ்ந்து பாருங்க. போட்டி போட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் எதுக்கு? உண்மையையே கொஞ்சம் அழகா சொல்லுங்க."

அந்தப் படிப்பில் கீரிக்குப் புரிந்த ஒரே பாடம் அதுதான். படிப்பு முடிந்ததும் நேரே சிங்கராஜாவிடம் போய் நின்றது. விழியப்பன் இருக்கையை விட்டு நகர்ந்ததே இல்லை என்றது. யாரிடமும் சத்தம் போட்டதில்லை என்றது. செய்த வேலை எதிலும் தவறு வந்ததில்லை என்றது. எல்லாம் உண்மைதான். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். உற்சாகம் தலைக்கேறி, "அவர் காவலுக்கு இருந்தா கண்ணை மூடிக்கிட்டுத் தண்ணி குடிக்கலாம், ராஜா" என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டது. சிங்கராஜாவோ எதைப் பொறுத்தாலும் பொய்யைப் பொறுக்க மாட்டார்.

அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு நிலையத் தலைவரான யானை, அப்படிப்பட்ட தங்கம் தன் நிலையத்துக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து விழியப்பனை வாங்கிக்கொண்டு போனது. போகும்போது தேவாங்குக்கு ஒரு பதவி உயர்வும் கிடைத்தது.

காலியான இடத்துக்குக் கீரி ஒரு மயிலைப் போட்டது. மயிலுக்குச் சருகு அசைந்தாலும் கத்த வேண்டும். எல்லாருக்கும் காது வலித்தது, ஆனால் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். கீரிக்கு உடம்புகூடக் கொஞ்சம் தேறியது.

யானைக்கு உண்மை புரியச் சில நாள் ஆயிற்று. புரிந்ததும் அதுவும் நரியிடம்தான் யோசனை கேட்டது. நரியிடம் எல்லாருக்கும் சொல்ல ஒரே பாடம்தான் இருந்தது. கீரி சொன்னதை இரண்டு மடங்காக்கிச் சொல்லி யானை தேவாங்கைக் காட்டெருமையிடம் தள்ளியது. காட்டெருமை கரடியிடம் தள்ளியது. தள்ளத் தள்ள விழியப்பன் ஒவ்வொரு படியாக உயர்ந்தது. கடைசியில் தள்ள இடமில்லாமல் காடு முழுவதற்கும் காவல் அதிகாரி ஆகிவிட்டது. அத்தனை புகழையும் கேட்டுக் கேட்டு, தன்னைப் போல ஒரு காவலன் பிறந்ததே இல்லை என்று அதுவும் நம்பிவிட்டது. பாவம், அதனிடம் யாரும் வேறு மாதிரி சொல்லவே இல்லையே.

பதவியேற்றதும் முதல் ஆய்வுக்கு ஏரிக்கரைக்குத்தான் வந்தது. மயில் கத்தியது அதற்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சத்தம் போட்டால் அதிகாரிகள் எப்படி வேலை பார்ப்பது என்று கடிந்துகொண்டு, மயிலை அங்கேயே நின்றபடி வடக்கு மலைக்கு மாற்றியது. இனிமேல் காது வலி நரிக்கு. பிறகு கீரியிடம் திரும்பியது.

"கீரியாரே, என்னை முதல்ல அடையாளம் கண்டது நீங்கதான். அதை நான் மறக்கலை."

"எல்லாம் உங்க திறமைங்க, ஐயா."

"காவல்னா என்னன்னு இன்னிக்கு எல்லாரும் பார்க்கட்டும். நான் மரத்து மேல உட்கார்றேன். நீங்க இறங்கித் தண்ணி குடிங்க. ராஜாகிட்ட சொன்ன மாதிரியே, கண்ணை மூடிக்கிட்டு."

கீரி கரையை விட்டுப் பின்வாங்கியது. "எனக்குத் தாகமில்லைங்க, ஐயா."

"அப்ப ராஜாகிட்ட சொன்னது பொய்யா?"

பொய் என்று ஒப்புக்கொண்டால் சிங்கம். இல்லை என்றால் சிறுத்தை. கீரி சுற்றுமுற்றும் பார்த்தது. முயல்கள் எப்போதோ புதருக்குள் போய்விட்டிருந்தன. விழியப்பனோ மரமேறி உட்கார்ந்து கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டது. கீரி ஏரியில் இறங்கி, கண்ணை மூடி, குனிந்தது.

சிறுத்தை அவசரப்படவே இல்லை. மரத்து மேலிருந்த கண்களைப் பார்த்து முதலில் தயங்கியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை. அதற்கு விஷயம் விளங்கிவிட்டது. கீரியைக் கவ்விக்கொண்டு போயிற்று.

பொழுது சாயும்போது விழியப்பன் விழித்துக்கொண்டது. கரையில் யாருமில்லை. சத்தமில்லை, புகாரில்லை. அதன் மனம் நிறைந்தது.

"கீரியார் தாகம் தீர்ந்து கிளம்பிட்டார் போல. நல்ல உத்தியோகஸ்தர். அவருக்கு ஒரு பதவி உயர்வு போட்டுடுங்க" என்று அப்போதுதான் வந்து சேர்ந்த தன் உதவியாளரிடம் சொல்லிவிட்டு, அத்திப்பழம் வந்துவிட்டதா என்று கேட்டது.

நீதி: தொலைந்தால் போதும் என்று ஒருவரைப் புகழாதே. அதை ராஜா நம்பினால்கூடத் தப்பிக்கலாம், புகழப்பட்டவரே நம்பிவிட்டால் தப்பிக்க முடியாது.